பன்னிரண்டு வலது கால்கள்

அந்த வருடம் பெரிய வியாழனுக்குப் பன்னிரண்டு ஆண்களைச் சேர்ப்பது எங்கள் பாதருக்குப் பெரும் பாடாகிவிட்டது. இயேசு சீடர்களின் கால்களைக் கழுவியதை நினைத்து, அன்றைய பூசையில் பாதர் பங்கிலிருந்து பன்னிரண்டு பேரைக் கதிரைகளில் இருத்தி ஒவ்வொருவரின் வலது காலையும் கழுவித் துடைப்பார். நான் சின்னவளாக இருந்த காலத்தில் அந்தக் கதிரைகளுக்குப் போட்டி இருந்தது. தெரிவானவர்களின் வீட்டில் முதல் நாளே கால் தேய்ப்பது தொடங்கிவிடும். பீர்க்கங்காய் நார், சவர்க்காரம், செங்கல் துண்டு. "கழுவ ஒண்டுமில்லாமல் வந்து குந்தியிருக்கிறாங்கள், நான் என்னத்தைக் கழுவிறது" என்று பாதர் பகிடி விடுவார்.

யுத்தம் வந்த பிறகு போட்டி நின்றுபோனது. இளம் ஆண்கள் கொழும்புக்கோ, வள்ளத்தில் இந்தியாவுக்கோ, இயக்கத்தில் சேர்ந்து காட்டுக்கோ போயிருந்தார்கள். மிஞ்சியவர்கள், ஆண்கள் வரிசையாக இருக்கிற இடம் எதுவென்றாலும் விலகி நடந்தார்கள். திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய எங்கள் தெருக்களில் ஆண்களை வரிசையாக இருத்துவது ஆமியும் நேவியும்தான். எதற்காக என்று எல்லோருக்கும் தெரியும்.

பாதர் என் தம்பியைக் கேட்டபோது அவன் ஐஸ் தொழிற்சாலை வேலை முடிந்து வந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"பாதர், நான் நாள் முழுக்க ஐஸ் தண்ணியில நிக்கிறவன். என்ர கால் ஏற்கெனவே கழுவினதுதான்."

"அப்ப எனக்கு வேலை லேசு. வாறாயோ இல்லையோ?"

"வாறன். ஆனா கூசும். சிரிச்சுப் போடுவன்."

எங்கள் வீட்டில் மூன்று பேர்தான். அப்பா இல்லை. அம்மா ஒவ்வொரு வருடமும் அந்தச் சடங்குக்கான துவாய்களைத் தோய்த்து மடித்து, பாதருக்குப் பக்கத்தில் ஏந்திக்கொண்டு நிற்பார். ஒலிபெருக்கி என்னுடைய பொறுப்பு. தொழில்நுட்பக் கல்லூரியில் இலத்திரனியல் படித்துவிட்டு ரேடியோ திருத்தும் கடையொன்றில் வேலை செய்துகொண்டிருந்தேன். வயரும் ஸ்குரூ டிரைவரும் கொண்டு திரிகிற தமிழ்ப் பெட்டையை எந்தச் சோதனைச் சென்றியிலும் லேசாக விட்டதில்லை. என் பையைக் கொட்டிக் கிண்டிய சிப்பாய்களை நான் குறைசொல்ல மாட்டேன். அவர்கள் என்னைச் சந்தேகித்தார்கள், நான் எல்லோரையும் சந்தேகித்தேன். பழுதான பெட்டியைத் திறந்தால் எதையும் தொடமுதல் முழுவதையும் பார்த்து மனதில் அடுக்கிக்கொள்வது என் வேலைப் பழக்கம். மனிதர்களையும் அப்படித்தான் பார்த்தேன். இதில் நான் ஒருவருடைய பெயரையும் எழுதவில்லை. பெயர் சொல்லாமல் இருப்பது அந்த நாட்களில் எனக்குள் ஊறிய பழக்கம்.

பெரிய வியாழன் வருகிற கிழமை, திங்கட்கிழமை விடிய எங்கள் தெருக்களைச் சுற்றி வளைத்தார்கள். ஆண்கள் எல்லோரையும் பள்ளிக்கூட மைதானத்தில் இருத்தினார்கள். பெண்கள் கம்பி வேலிக்கு வெளியே நின்றோம். வேலியை ஒட்டிய வேப்பமர நிழலில் ஒரு ஜீப். அதன் பின்பக்கம் திறந்திருந்தது. உள்ளே சாக்குப் போட்டு மூடிய ஒருவர். கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. நாங்கள் இப்படியானவர்களைத் தலையாட்டி என்போம். ஆண்கள் ஒவ்வொருவராக அவருக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். சாக்கு அசையாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். மேலும் கீழும் ஆடினால் லொறியில் ஏற்றுவார்கள்.

எல்லோரும் அந்தச் சாக்கையே பார்த்தார்கள். சாக்கில் பார்க்க ஒன்றுமில்லை என்று எனக்குப் பட்டது. ஜீப்புக்கு மிக அருகில் நின்றதால் கீழே பார்த்தேன். கறுப்பு நீளக் காற்சட்டை. அளவில் சிறிய ரப்பர் செருப்பு, இரவல் செருப்பாக இருக்க வேண்டும். வலது காற்பெருவிரலில் நகம் இல்லை. நகம் இருந்த இடத்தில் கறுத்துக் காய்ந்த பொருக்கு.

தம்பியின் முறை வந்தது. சாக்கு கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தது. பிறகு ஆடியது.

அவனை ஏற்றிய லொறி போன பிறகு அம்மாவும் நானும் போகாத இடமில்லை. பொலிசில் "இங்கே இல்லை" என்றார்கள். ஆமி முகாமில் "இங்கே இல்லை" என்றார்கள். துறைமுகத்தின் முன் கேட்டில் நேவிக்காரன் எங்கள் கதையைக் கேட்கவே இல்லை, கையால் போகச் சொன்னான். இப்படிப் பிடிபட்டவர்களில் சிலர் ஒரு கிழமைக்குள் வந்தார்கள். சிலர் வரவேயில்லை. எந்தப் பக்கம் எங்கள் பிள்ளை என்பதுதான் தெரியவில்லை. அம்மா செபமாலையைப் பிடித்துக்கொண்டு, "அவர் கைவிட மாட்டார்" என்றார். எனக்கு அந்தப் பேச்சிலும் சந்தேகம் இருந்தது. வராத பிள்ளைகளின் தாய்மாரும் அதே செபமாலையைத்தானே உருட்டினார்கள்?

தலையாட்டி யார் என்ற கேள்வி ஊரெல்லாம் ஓடியது. எனக்கு ஒரு ஆளில் கண் இருந்தது. வெருகல் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து எங்கள் பங்குக் கோயில் மண்டபத்தில் தங்கியிருந்தவர், நடுத்தர வயது. நாங்கள் அவரை வெருகலார் என்றோம். அவரைச் சந்தேகிக்க என்னிடம் காரணங்கள் இருந்தன. ஒன்று, அவரை முன்பின் தெரிந்தவர் யாருமில்லை. இரண்டு, யார் யாருடைய பிள்ளை என்று எல்லோரிடமும் விசாரிப்பார். மூன்று, செபம் பண்ணும்போது தேவைக்கு அதிகமாகச் சத்தம் போடுவார். நான்காவதுதான் முக்கியம். சப்பாத்துக்காரர் அப்படியே உள்ளே வரலாம், செருப்புக்காரர் வாசலில் கழற்றிவிட வேண்டும் என்பது எங்கள் கோயிலில் யாரும் எழுதிவைக்காத சட்டம். வெருகலார் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, அந்த வெக்கையிலும் காலுறையோடு உள்ளே வருவார். செருப்புக்குக் காலுறை போடுகிற மனிதரை நான் அதுவரை கண்டதில்லை.

புதன்கிழமை பாதர் வீட்டுக்கு வந்தார். தம்பியின் கதிரையை என்ன செய்வது என்று கேட்கத் தயங்கினார். வெருகலார் அதில் இருக்கிறேன் என்று தானாகக் கேட்டிருக்கிறாராம்.

"வெறுமையாய் இருக்கட்டும்" என்றேன் நான்.

"வெறுமையாய் இருந்தால் என்ர பிள்ளை செத்துப்போன மாதிரி இருக்கும்" என்றார் அம்மா. "அவர் இருக்கட்டும். அவன் வருமட்டும் அவனுக்காக இருக்கட்டும்."

"அம்மா, அவர் ஆரெண்டு தெரியுமோ உங்களுக்கு?"

"உனக்குத் தெரியுமோ?"

எனக்கு நாளைக்கு மேல் பொறுக்கத் தேவையில்லை என்று பட்டது. வியாழன் அந்தக் காலுறையைக் கழற்றித்தானே ஆக வேண்டும்.

ஊரடங்குக்காகப் பூசையைப் பின்னேரத்துக்கு முன்பே வைத்தார்கள். வெயில் சன்னல் வழியாகப் பீடம்வரை வந்து விழுந்திருந்தது. நான் அம்பிளிபயரைத் தூணடிக்கு இழுத்து, கதிரை வரிசை பக்கவாட்டில் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்தேன். வாசகம் வாசித்தவர் வழக்கம்போல மாஸ்டர். எனக்குக் கணிதம் படிப்பித்தவர். தைப்பொங்கலுக்குப் பிறகு சென்றியில் பிடிபட்டு, சில கிழமைகள் உள்ளே இருந்து, திரும்பி வந்தவர். அவர் வந்தபோது நன்றிப் பூசை வைத்தோம். வாசித்து முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டுப் போய்க் கடைசிக் கதிரையில் அமர்ந்தார்.

பாதர் மேலங்கியைக் கழற்றிவிட்டு முழந்தாளிட்டுக் கழுவத் தொடங்கினார். முதல் சில கால்கள் கடற்தொழிலாளருடையவை. உப்பில் வெடித்து, விரல்கள் அகன்று, வள்ளத்தைத் தள்ளித் தள்ளித் தட்டையானவை. ஒருவர் மற்றவரின் காதுக்குள், "மீன் மணமே இல்லை, நீ கால் மாத்திக்கொண்டு வந்தனியோ" என்றது எனக்குக் கேட்டது. நல்லகாலம், மைக்குக்குக் கேட்கவில்லை. அடுத்தது கந்தோரில் எழுத்து வேலை பார்க்கிற ஒருவரின் வெளிறிய மெல்லிய கால். அதற்கடுத்தது வெருகலார்.

அவர் காலுறையை விரல் விரலாக இழுத்துக் கழற்றினார். நான் தூணைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். ஐந்து நகமும் இருந்தன. விரல்களுக்கிடையில் தோல் அவிந்து வெள்ளையாய் இருந்தது, ஏதோ களிம்பு பூசியிருந்தார். சேற்றுப்புண். வயலில் நின்று வந்த புண். அதை மறைக்கத்தான் காலுறை. பாதர் தண்ணீர் ஊற்றியதும் எரிந்திருக்க வேண்டும், பல்லைக் கடித்தார். நான் மூன்று நாளாக அடுக்கிய காரணங்கள் அந்தத் தண்ணீரோடு காலடிப் பேசினுக்குள் போய்விட்டன. வெட்கத்தைவிட ஏமாற்றம்தான் கூடுதலாக இருந்தது. அப்படியானால் யார்?

மற்றக் கால்களை நான் சரியாகப் பார்க்கவில்லை. கடைசிக் கதிரைக்கு முன் பாதர் நின்றுவிட்டதைக் கண்டுதான் மறுபடி பார்த்தேன். மாஸ்டர் சப்பாத்து நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தார். வலது சப்பாத்து. பிறகு காலுறை. பெருவிரலில் நகம் இல்லை. அதே கறுத்த பொருக்கு. பாதர் காலைத் தூக்கியபோது உள்ளங்காலும் தெரிந்தது. குறுக்காகத் தடித்த தழும்புகள், சில ஆறியவை, சில ஆறாதவை. பாதத்தில் அடித்தால் அப்படித்தான் வருமென்று கேள்விப்பட்டிருந்தேன், கண்டதில்லை.

அம்பிளிபயரின் சத்தத்தைக் கூட்டினேனா குறைத்தேனா தெரியாது, அது ஒருமுறை கூவியது. யாரோ திரும்பிப் பார்த்தார்கள். பாதர் திரும்பவில்லை. அந்தக் காலை மற்றவற்றைவிட நேரமெடுத்துக் கழுவினார். குனிந்து முத்தமிட்டார். பாதருக்கு முதலே தெரியுமா, பாவசங்கீர்த்தனத்தில் கேட்டிருப்பாரா என்று அன்றைக்கும் யோசித்தேன், இன்றைக்கும் யோசிக்கிறேன். துவாயை நீட்டிய அம்மா, நான் பார்த்ததைப் பார்க்கவில்லை. அவர் கண்டது காயத்தை மட்டும்.

"ஐயோ மாஸ்டர்" என்றார் மெதுவாக. "என்ன கால் இது. வீட்டில எண்ணெய் காய்ச்சி வைச்சிருக்கிறன், வந்து வாங்கிக்கொண்டு போங்கோ."

மாஸ்டர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். பார்த்தவர்கள் பக்தி என்று நினைத்திருப்பார்கள்.

அன்று இயேசு கழுவிய கால்களில் யூதாசின் காலும் இருந்தது. அதை மட்டும் கழுவாமல் விட்டதாக வேதத்தில் எங்கும் இல்லை. சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான். ஆனால் அந்தக் காலை யூதாஸ் என்ன எண்ணத்தோடு நீட்டினான் என்று நான் அதுவரை யோசித்ததில்லை. மாஸ்டருக்கு வலது காலைத்தான் கழுவுவார்கள் என்று தெரியும். சுகமில்லை என்று சொல்லி வராமல் விட்டிருக்கலாம். ஏன் வந்தார்? வராவிட்டால் சந்தேகப்படுவார்கள் என்றா? யாராவது கண்டுபிடிக்கட்டும் என்றா?

பூசை முடிந்ததும் கோயிலுக்குப் பின்னால் கிணற்றடியில் அவரைக் கண்டேன். கிணற்றுக்கட்டின் மேல் குந்தி காலுறையை மாட்டிக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், திங்கட்கிழமை செருப்பெல்லோ போட்டிருந்தனீங்கள்" என்றேன்.

அவர் நிமிரவில்லை. "ஓம்" என்றார். பிறகு, "ஆருக்குச் சொன்னனி?"

"ஒருத்தருக்கும் இல்லை. ஏன் என்ர தம்பி?"

"ஒருத்தருக்கும் ஆட்டாட்டி என்னைத் திரும்பக் கொண்டுபோவம் எண்டவங்கள். எனக்கு ஏலாது பிள்ளை. திரும்ப அங்க ஏலாது." சப்பாத்தை எடுத்துக் காலை நுழைத்தார். "இயக்கத்தோட தொடர்பு உள்ளவனுக்கு ஆட்டினா அவன்ர கதை முடிஞ்சுது. ஒண்டுமில்லாதவனுக்கு ஆட்டினா விசாரிச்சுப்போட்டு விட்டிடுவாங்கள். அப்பிடித்தான் யோசிச்சனான். உன்ர தம்பியில ஒரு பிழையும் இல்லையெண்டு இந்த ஊரில எனக்கு நிச்சயமாத் தெரியும். அதாலதான்."

கரும்பலகையில் ஒரு கணக்கை விளக்குகிற அதே குரல். படிக்குப் படி சரியாக வந்து, விடை மட்டும் பிழைத்த கணக்கு. குற்றமில்லாதவனை விட்டுவிடுவார்கள் என்று, தானே குற்றமில்லாமல் உள்ளே இருந்து அடிவாங்கிய மனிதர் நம்பியிருக்கிறார். அதை நான் நம்பலாமா? பிடிபட்ட பிறகு சோடித்த காரணமாக இருக்கக்கூடாதா?

"அவன் எங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"நேற்று ஆள் காட்ட என்னைக் கொண்டுபோகேக்கை கண்டனான். துறைமுகத்துக்குள்ள ஒரு பழைய களஞ்சியம். இருந்து தண்ணி குடிச்சுக்கொண்டிருந்தவன். முன் கேட்டில கேட்காதேங்கோ, இல்லையெண்டுதான் சொல்லுவாங்கள். பின்னால மரக்கறி லொறி போற கேட் ஒண்டிருக்கு. சனி காலைமை லொறி வரும். அந்த நேரம் மாத்து உடுப்போட போய் நில்லுங்கோ."

"நான் ஆரிட்டையும் சொன்னா உங்களுக்கு என்ன நடக்குமெண்டு தெரியுமெல்லோ?"

"தெரியும்" என்றார். நாடாவைக் கட்டினார். முடிச்சு விழவில்லை. மறுபடி கட்டினார்.

வீட்டில் அம்மாவிடம், "பின் கேட்டில உடுப்பு வாங்கிறாங்களாம்" என்றேன். யார் சொன்னது என்று அம்மா கேட்கவில்லை. உடனே எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்தார். அந்தச் செய்தியை நான் எவ்வளவு சந்தேகித்தேனோ அவ்வளவு இறுகப் பிடித்துக்கொண்டும் இருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. என் தம்பி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான் என்பதை இந்த உலகத்தில் ஒரே ஒரு வாய்தான் எனக்குச் சொல்ல முடிந்தது. அந்த வாய் சாக்குக்குள் இருந்த வாய்.

பெரிய வெள்ளி சிலுவைப்பாதை முடிந்து வரும்போது வெருகலார் என்னிடம் வந்து, "தங்கச்சி, உங்கட தம்பியிட கதிரையில இருந்ததுக்குக் குறை நினையாதேங்கோ. என்ர மகனும் இந்த வயசுதான். ஆரும் கண்டிருப்பினமோ எண்டுதான் எல்லாரையும் விசாரிச்சுக்கொண்டு திரியிறன்" என்றார்.

எங்கள் ஒழுங்கை முகப்பில் இரண்டு பெடியள் சைக்கிளைக் குறுக்கே விட்டு வழியை மறித்துக்கொண்டு நின்றார்கள். ஊர்ப் பெடியள் இல்லை. சேட்டு வெளியே விட்டிருந்த விதத்திலேயே இயக்கத்திலிருந்து வந்தவர்கள் என்று விளங்கியது.

"அக்கா, திங்கட்கிழமை நீங்கள் ஜீப்படியில நிண்டனீங்களாம்."

"நிண்டனான். என்ர தம்பியைக் கொண்டுபோனவங்கள்."

"அறிஞ்சனாங்கள். ஆளைத் தெரிஞ்சுதோ?"

"சாக்குப் போட்டிருந்தது."

"வெருகல் பக்கத்து ஆள் ஒருத்தர் கோயில் மண்டபத்தில இருக்கிறாராம். அவர்தான் எண்டு கதை."

நான் மனதுக்குள் அடுக்கிய அதே காரணங்களை வேறு யாரோ சத்தமாக அடுக்கியிருக்கிறார்கள்.

"அவரில்லை" என்றேன். "ஜீப்பில இருந்த ஆளின்ர கால் கண்டனான். வெருகலாரின்ர கால் நேற்று ஊரே கண்டது. ரெண்டும் ரெண்டு கால்."

"கால் கண்டனீங்களோ?" மற்றவன் சைக்கிளை விட்டு இறங்கினான். "எப்பிடிக் கால்?"

ஒரு வசனம் போதும். நகமில்லாத பெருவிரல் என்று சொல்லி முடிக்கமுதல் மாஸ்டரின் ஆயுள் முடிந்துவிடும். நேற்று அந்தக் காலைக் கோயில் முழுக்கக் கண்டிருக்கிறது. சொல்லக்கூடாதா? என் தம்பியை அவர் ஒரு ஆட்டில் கொடுத்தவர்தானே? பாதர் குனிந்த முதுகு நினைவுக்கு வந்தது. அம்மா எண்ணெய் தருகிறேன் என்றது வந்தது. அவை வந்ததால்தான் பேசாமல் விட்டேன் என்று சொன்னால் அது முழு உண்மையில்லை. சனிக்கிழமை இன்னும் வரவில்லை. சொன்ன கேட் பொய்யென்றால் திரும்பப் போய்க் கேட்க எனக்கு வேறு ஆள் இல்லை. இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. பிரித்தெடுக்க எனக்கு இன்னும் தெரியவில்லை.

"சாதாரணக் கால்" என்றேன். "புண், காயம் ஒண்டுமில்லாத கால். அவ்வளவுதான் கண்டனான்."

அவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். சென்றியில் பையைக் கிண்டுகிற சிப்பாய்க்கு எந்த முகத்தைக் காட்டுவேனோ அதையே இவர்களுக்கும் காட்டினேன். போனார்கள். மாஸ்டரோடு அதற்குப் பிறகு நான் அதைக் கதைத்ததில்லை. அவரும் கதைக்கவில்லை.

சனிக்கிழமை காலை அம்மாவும் நானும் பின் கேட்டுக்குப் போனோம். ஒரு சாரம், ஒரு சேட்டு, ஒரு சவர்க்காரத் துண்டு, பழைய பேப்பரில் சுற்றியிருந்தோம். கேட் இருந்தது. அதுவரை அதையே நான் முழுதாக நம்பவில்லை. மரக்கறி லொறியும் வந்தது. காவலுக்கு நின்ற சிப்பாயிடம் எனக்குத் தெரிந்த கொஞ்சச் சிங்களத்தில் தம்பியின் பெயரையும் ஐஸ் தொழிற்சாலையையும் சொன்னேன். அவன் பார்சலைப் பிரித்து, சேட்டை உதறிப் பார்த்து, சவர்க்காரத்தை மணந்து பார்த்து, உள்ளே கொண்டுபோனான்.

"வாங்கிட்டான்" என்றார் அம்மா. உதடு செபத்தில் அசைந்துகொண்டேயிருந்தது.

"வாங்கினா என்ன? தனக்கு அளவாயிருக்கெண்டு கொண்டுபோயிருப்பான்."

"நீ ஒருக்கா வாயை மூடு பிள்ளை."

வெயில் ஏறியது. லொறி இறக்கிவிட்டுத் திரும்பிப் போனது. அம்மாவை நிழலுக்குக் கூப்பிட்டேன், வர மறுத்தார். கடைசியில் அந்தச் சிப்பாய் வந்தான். கையில் சுருட்டிய துணி. கேட்டுக்கு மேலால் எங்களிடம் எறிந்துவிட்டு, போங்கள் என்று கைகாட்டினான்.

தம்பியின் சேட்டு. திங்கட்கிழமை போட்டிருந்தது. கழுத்தடித் தெறி, நான் கறுப்பு நூலில் தைத்துக் கொடுத்து, "ரேடியோவுக்கு வயர் சுத்திற மாதிரித் தைச்சிருக்கிறாய்" என்று அவனிடம் பேச்சு வாங்கிய தெறி. அம்மா முகத்தில் வைத்து மணந்து, "அவன்தான், அவன்தான்" என்று அழத் தொடங்கினார்.

எனக்கு அது போதவில்லை. சேட்டை இறந்தவனிடமிருந்தும் கழற்றலாம். அம்மாவின் கையிலிருந்து வாங்கி விரித்தேன். இரத்தம் இருக்கிறதா என்று முதுகுப் பக்கம் பார்த்தேன். அழுக்கு, துரு, ஒரு கிழிசல். பிறகு கக்கத்துக்குள் கையை விட்டேன். விரல் ஈரமாகியது.

"என்ன பிள்ளை? என்ன அது?" அம்மா பயந்துபோய் என் கையைப் பிடித்தார்.

"வேர்வை அம்மா."

"வேர்வைதானே."

"ஓம். காயேல்லை. இண்டைய வேர்வை."